சகலையின் கம்பெனிக்கு நான் போட்ட விலை

கம்பெனிகளுக்கு விலை போடுவதுதான் பல வருஷம் என் பிழைப்பு. தொழிலை விற்க நினைப்பவர்கள், பாங்கில் பெரிய கடன் கேட்பவர்கள், பாகம் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் என்று யாராவது எங்கள் ஆபீசுக்கு வருவார்கள். அவர்களுடைய கம்பெனி இன்றைய தேதிக்கு எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதித் தருவோம். நான் போட்ட விலைகளில் ஏறக்குறைய எல்லாமே மறந்துபோய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. அது என் சகலையின் கம்பெனிக்குப் போட்டது.

நான் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். எங்கள் தெருவிலிருந்து ஆடிட்டர் பரீட்சை பாஸ் செய்த முதல் ஆள் நான். தொண்ணூற்று ஒன்றில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வீடு தொம்மலூர். மாமனார் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் என் மனைவி. அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பேப்பரில் பட்ஜெட் வந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் போய் விளக்கும்வரை மாமனார் அதை மடித்து டிவி மேல் வைத்திருப்பார். யார் வந்தாலும் "எங்க மாப்ள, ஆடிட்டர்" என்பார். ஆட்டுக்கறி எடுத்தால் நல்லி எலும்பு என் தட்டுக்குத்தான் வரும்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னவளுக்கு மாப்பிள்ளை வந்தார். குடியாத்தத்துக்காரர். பெங்களூரில் மெடிக்கல் ரெப். தோளில் ஒரு கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு மொபெட்டில் டாக்டர் டாக்டராகப் போகும் வேலை. பி.எஸ்ஸி.யில் இரண்டு பேப்பர் பாக்கி என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமனாருக்கு வருத்தம். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். "டிகிரி என்னங்க மாமா, ஆள் நல்லவரு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. பாவம் என்று ஒருவரைச் சொல்ல முடிகிறவரை அவரை நேசிப்பது மிகவும் சுலபம்.

அவரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். "அண்ணா, அண்ணா" என்று எதற்கெடுத்தாலும் என்னிடம் வருவார். எல்.ஐ.சி. பாலிசி எடுக்கலாமா, சீட்டுப் போடலாமா, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். பின்னாளில் வாயால் "அவர்" என்று சொல்லி மனசுக்குள் "அவன்" என்று நினைக்கும் நிலைக்கு நான் வந்தேன். இங்கே வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஐந்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். டாக்டர் வீட்டு வாசல்களில் காத்திருக்கும்போது நோயாளிகள் பேசுவதைக் கேட்பாராம். மாத்திரை வேண்டாம், இயற்கையாக ஏதாவது இருக்கிறதா என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்களாம். மாமனார் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு ஷீட் போட்ட அறை இருந்தது. அங்கே ஒரு பெரிய பித்தளை உருளி வைத்துக் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் நெல்லிக்காயும் போட்டுத் தலைக்கு எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தார். அவருடைய பெரியப்பா ஒரு சித்த வைத்தியர். பக்குவம் அவரிடமிருந்து வந்தது. லைசென்சும் அந்தப் பெரியப்பாவின் படிப்பை வைத்து வாங்கியது.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, இருபத்தஞ்சாயிரம் போடுங்க. பாதிக்குப் பாதி பார்ட்னர். கணக்கு வழக்கெல்லாம் நீங்க பாத்துக்குங்க. விக்கிற வேல எனக்கு."

என் மனைவிக்கு ஆசை. "வளையல வச்சாவது குடுக்கலாங்க" என்று சமையலறையில் கிசுகிசுத்தாள். நான் அவரிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். பிறகு ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சந்தையில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. பாட்டில் செலவே விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். கடைக்காரர்கள் மூன்று மாசம் காசு தரமாட்டார்கள். ஆக இது தேறாது. கடைசி வரியில் "வேலைக்கே திரும்பிப் போவது உத்தமம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "சரிங்கண்ணா. நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். ஆனா காய்ச்சிட்டேனே, இந்த அம்பது பாட்டில மட்டும் வித்துப் பாத்துடறேன்" என்றார்.

அந்த ஐம்பது பாட்டில் விற்றது. அதற்குப் பிறகு ஐந்நூறு விற்றது.

வெளிநாட்டுக் கம்பெனிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் ஊருக்குள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து, போர்வெல் தண்ணீரில் குளித்து, முடி கொட்டுகிறது என்று கவலைப்படும் இளம் பெண்களும் ஆண்களும் நாளுக்கு நாள் பெருகினார்கள். எண்ணெய்க்குப் பிறகு சீயக்காய்ப் பொடி வந்தது. பிறகு நெல்லிக்காய் லேகியம், நலங்கு மாவு, செரிமானத்துக்கு ஒரு சூரணம். வயிற்றெரிச்சலுக்கு நல்லது என்று டப்பாவில் போட்டிருந்தது. என்னுடையதற்கு அது கேட்காது.

எரிச்சல் எப்போது தொடங்கியது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. மாமனார் வீட்டு ஆட்கள் முதலில் அவரைக் கிண்டலாக "எண்ணெ மாப்ள" என்றார்கள். ஓரிரு வருஷத்தில் அதே பெயரைக் கிண்டல் இல்லாமல் சொன்னார்கள். தொண்ணூற்று ஏழில் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு இடம் பிடித்து முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடம் போட்டார். மொபெட் போய் வெள்ளை மாருதி வந்தது. நாங்கள் அப்போதும் அல்சூரில் வாடகை வீடு. எனக்கு ஸ்கூட்டர். பட்ஜெட் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பேப்பர் ஏற்கனவே பிரித்துக் கிடந்தது. "சின்ன மாப்ள காலையிலயே வந்து சொல்லிட்டாரு. எக்சைஸ் டூட்டி ஏத்திட்டானாமே" என்றார் மாமனார். ஒரு மனிதன் இதற்கெல்லாம் மனசு ஒடிவானா என்று கேட்காதீர்கள். ஒடிந்தேன்.

என் வீட்டுக்குள்ளேயே அவர் வந்துவிட்டார். என் மனைவி அந்த எண்ணெயைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நல்ல வாசனைதான், பச்சை இலையும் தேங்காயும் கலந்து ஒரு குளிர்ந்த வாசனை. தலையணையில் அது ஏறியது. படுத்தால் மூக்குக்குப் பக்கத்திலேயே சகலையின் கம்பெனி. "வேற எண்ணெ கெடைக்கலியா உனக்கு?" என்று ஒருநாள் வெடித்தேன். "ஓசியில வருது, முடியும் கொட்டல, உங்களுக்கு என்ன?" என்றாள். மறுநாளிலிருந்து பாட்டில் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் போய்விட்டது. தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடை உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே போய், யாரோ போல, அந்த எண்ணெய் எப்படி என்று கேட்டேன். நாலு குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கடைக்காரர் "ஒள்ளே எண்ணெ சார், நம்ம மனேலயும் அதே" என்றார். நல்ல எண்ணெயாம், தன் வீட்டிலும் அதைத்தான் உபயோகிக்கிறாராம். வாங்காமல் வர வெட்கப்பட்டு ஒரு பாட்டில் வாங்கி, வழியில் ஒரு காபி குடித்து, பாட்டிலை ஓட்டல் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இப்படி இருந்தபோதுதான், தொண்ணூற்று ஒன்பதில் ஒரு சாயங்காலம், அவர் கையில் இரண்டு தடித்த ஃபைல்களோடு என் ஆபீசுக்கு வந்தார். பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவருடையதை வாங்கக் கேட்கிறதாம். மொத்தமாக. அவர்களே விலை சொல்லவில்லையாம், நீங்கள் சொல்லுங்கள் என்கிறார்களாம்.

"எவ்ளோ கேக்கறதுன்னே தெரியலண்ணா. ஜாஸ்தி கேட்டா ஓடிடுவாங்க. கம்மியா கேட்டா நான் முட்டாள். நீங்க ஒரு விலை போட்டுக் குடுங்க. நீங்க போடறதுதான் விலை."

"உங்க ஆடிட்டர் இருக்காரே?"

"அவரு டாக்ஸ் கட்டறதுக்கு. இது அப்படி இல்லண்ணா. நம்ம ஆளு பாக்கணும்."

நம்ம ஆளு. மறுக்க என்னிடம் காரணம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. நாலு வருஷமாக நான் தெரிந்துகொள்ளத் துடித்த எல்லாம் அந்த இரண்டு ஃபைல்களுக்குள் இருந்தது. அவர் என்ன சம்பாதிக்கிறார் என்பது.

அடுத்த வாரம் முழுக்க ஆபீஸ் வேலை முடிந்த பிறகு அதில் உட்கார்ந்தேன். ஒருநாள் தொழிற்கூடத்துக்கும் போனேன். அங்கே பெண்கள் தலையில் துணித் தொப்பி போட்டுப் பாட்டில்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூலிகை மூட்டைகள் ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எந்த மாசம், யார் கொண்டுவந்தது என்று சீட்டுக் கட்டியிருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அது ஒழுங்காக நடக்கும் தொழில். கடைக்காரர்கள் காசு தர மூன்று மாசம் ஆகும் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? இவருக்கு நாற்பது நாளில் வந்துகொண்டிருந்தது.

ஒரு கம்பெனியின் மதிப்பு என்பது அது நேற்றுச் சம்பாதித்தது அல்ல, நாளை சம்பாதிக்கப்போவது. அடுத்த ஐந்து வருஷம் எவ்வளவு வளரும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். அதற்கப்புறமும் ஓடும் என்பதற்கு ஒரு கணக்கு. பிறகு அந்த வருங்காலப் பணத்தையெல்லாம் இன்றைய பணமாகக் குறைக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்றைக்கு ஒரு ரூபாய் அல்லவே. எவ்வளவு ஆபத்தான தொழிலோ அவ்வளவு அதிகமாகக் குறைக்க வேண்டும். பழைய கணக்கையெல்லாம் பார்த்து, வருஷத்துக்கு இருபத்திரண்டு சதவீதம் வளரும் என்றும், பதினெட்டு சதவீதம் குறைத்தால் போதும் என்றும் போட்டேன். நேர்மையாகப் போட்டேன். கம்ப்யூட்டர் ஏழரைக் கோடி என்றது.

பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளிய அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரைக் கோடி. அதில் பாதி என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது. இருபத்தைந்தாயிரம் ரூபாயும் என் மனைவியின் வளையலும் போதுமாயிருந்தது. தேறாது என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தவன் நான். இந்தத் தாளை அவரிடம் நானே கொடுப்பது, என் முட்டாள்தனத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தேன்.

பொய் எதுவும் எழுதவில்லை. அதுதான் இந்தத் தொழிலின் சௌகரியம். இயற்கைப் பொருள் மோகம் இரண்டு வருஷத்தில் அடங்கிவிடலாம் அல்லவா? வளர்ச்சியைப் பன்னிரண்டு ஆக்கினேன். மழை பொய்த்தால் நெல்லிக்காய் விலை ஏறும். போலிச் சரக்கு வரும். லைசென்ஸ் விதிகள் மாறும். ஆபத்து அதிகம். குறைப்பு விகிதத்தைப் பதினெட்டிலிருந்து இருபத்து நாலாக்கினேன். எல்லாம் ஒரே மனிதரை நம்பி நடக்கிறது, அவர் இல்லாவிட்டால் கம்பெனி இல்லை என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தேன். அந்தப் பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்புக்கு ஒரு பைசா போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான சந்தேகம். எந்தப் பெரிய ஆடிட்டரிடம் காட்டினாலும் "ஜாக்கிரதையாகப் போட்டிருக்கிறாய்" என்றுதான் சொல்லியிருப்பார். ஒவ்வொரு எண்ணையும் தட்டும்போது என் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

மூன்றே கால் கோடி வந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. அதை மறைக்கப்போவதில்லை.

சகலை அந்த ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மூணே கால் கோடி! அண்ணா, நான் ரெண்டு தேறுமான்னு நெனச்சேன்" என்றார். ஃபீஸ் என்று எதுவும் நான் வாங்கவில்லை. வேண்டாம் என்று பெருந்தன்மையாக மறுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு மணிக்கு, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். என் மனைவி காபி போட உள்ளே போனாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணா, பாம்பேக்காரங்க சரின்னுட்டாங்க."

"நல்லதுதானே?"

"அதான் எனக்கு நல்லதாப் படல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கம்மா குடியாத்தம் மார்க்கெட்ல கீர வித்தவங்க. கட்டு ஒரு ரூபான்னு சொல்லி, வாங்கறவ பேரம் பேசாம காச நீட்டிட்டா, அன்னிக்கு முழுக்க எங்கம்மாவுக்குச் சோறு எறங்காது. அய்யோ, கம்மியாச் சொல்லிட்டமேன்னு பொலம்பும். நான் மூணே கால்னு சொன்னேன். அந்த ஆளு பக்கத்துல இருந்தவர ஒரு பார்வ பாத்தாரு. அவ்ளோதான். பேனாவத் தொறந்துட்டாரு. ஒரு லட்சங்கூடக் கொறைக்கல."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. வீட்ல கேக்கணும்னு ஒரு வாரம் டைம் வாங்கிட்டு வந்தேன். உங்க கணக்குல தப்பிருக்கும்னு சொல்ல வரலண்ணா. நீங்க தப்புப் பண்ண மாட்டீங்க. எங்கனா எதுனா விட்டுப் போச்சான்னு இன்னொரு தடவ பாத்துடுங்க."

எனக்குச் சுலபமான வழி ஒன்று திறந்துதான் இருந்தது. "கொடுங்க, பார்க்கிறேன்" என்று வாங்கி வைத்து, இரண்டு நாள் கழித்து "ஒரு வரி விட்டுப்போயிருந்தது" என்று ஏழரையைக் கொடுத்திருக்கலாம். அதற்கு வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளி சந்தேகம் இல்லை. ஏமாற்றியவனுக்கு அதைவிடத் தாங்க முடியாதது வேறு இல்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அந்த முதல் தாளை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன்.

மருந்து விற்றவர் அவர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பார். தாளின் மூலையில் கம்ப்யூட்டரே அடித்த தேதி இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அடியில் இருந்த தொகையைப் பார்த்தார். மறுபடி தேதியைப் பார்த்தார்.

"இது முன்னாடி போட்டதா?"

"ஆமா."

"ரிப்போர்ட்டுக்கு நாலு நாள் முன்னாடி."

"ஆமா."

"அப்புறம் ஏண்ணா கொறச்சீங்க?"

குறைப்பு விகிதம், ஆபத்து, மழை எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"வயித்தெரிச்சல்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. யார்மேல் யாருக்கு என்பதுபோல் என் வீட்டைச் சுற்றி ஒருதரம் பார்த்தார்.

"உங்களுக்கா? எம்மேலயா?"

நான் தலையாட்டினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை, முகம் மட்டும் சின்னப் பையன் முகம்போல் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் தனக்கு மேலே இருப்பதாக அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், கீழே நின்று அவரைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறான். அதை ஏற்றுக்கொள்ள அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

காபி வந்தது. முழுவதையும் நிதானமாகக் குடித்தார். "இந்தப் பேப்பர எடுத்துக்கலாமா?" என்று கேட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது குனிந்தபடியே கேட்டார்.

"ஆரம்பத்துல ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தீங்களே, தேறாதுன்னு. அதுவும் இப்படித்தானா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அத நெஜமாவே நம்பித்தான் எழுதினேன்."

"அது போதும்" என்றார். போய்விட்டார்.

நான் திரும்பியபோது என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எவ்வளவு கேட்டாள் என்று தெரிந்துகொள்ள நான் கேள்வி கேட்கவேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள். மூன்றாம் நாள்தான் பேசினாள். "என் தங்கச்சி வாழ்க்கைங்க அது. அவர் அந்தப் பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தா?" அவ்வளவுதான் கேட்டாள்.

அவர் பம்பாய்க்காரர்களுக்கு விற்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வேறொரு கம்பெனிக்குக் கால் பங்கை மட்டும் கொடுத்தார். அதற்கு விலை போட்டது வேறொரு பெரிய ஆபீஸ். மொத்தக் கம்பெனிக்கு அவர்கள் போட்ட விலையை மாமனார் வாயால் கேள்விப்பட்டேன். என்னுடைய ஏழரைக்கு மிகவும் பக்கத்தில், சற்றே மேலே இருந்தது. என் கணக்கு சரி என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு அறைக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான்.

மாமனாரிடமோ தன் மனைவியிடமோ அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொம்மலூர் வீட்டில் எல்லோரும் கூடினால், "பெரிய மாப்ளைக்கு மொதல்ல போடுங்க" என்று அவரே என் இலைப் பக்கம் கை காட்டுவார். "அண்ணா" என்ற அழைப்பு மாறவில்லை. ஆனால் பாலிசி, சீட்டு, நிலம், எதைப் பற்றியும் அதற்குப் பிறகு என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்னை எது அதிகம் உறுத்தியது என்று யோசித்திருக்கிறேன். அவர் பணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், காரைப் பார்த்துப் பட்டேன். கடைசியில், ஒரு விஷயத்தை இப்படி வாயில் போட்டு மூடிக்கொள்ள முடிகிற அந்தக் குணத்தைப் பார்த்தும் பட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

நான் என் தொழிலில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். எந்தக் கம்பெனிக்கும் எண்களைத் தொடுவதற்கு முன்னால், அதன் முதலாளியைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுவேன். "திமிர் பிடித்தவர்." "பாவமாக இருக்கிறது." "நல்ல சட்டை போட்டிருக்கிறார், பிடிக்கவில்லை." எழுதிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்ட பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். ஆபீசில் யாருக்கும் ஏன் என்று சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சகலை ஒரு இளம் பெண்ணை என்னிடம் அழைத்துவந்தார். அவருடைய கம்பெனியில் கணக்கு வழக்கு முழுவதையும் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் சம்பளம் என்னுடையதைப்போல் இரண்டு பங்காவது இருக்கும் என்று அவள் கைப்பையைப் பார்த்ததுமே மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"நம்ம கம்பெனிக்கு மொதமொதல்ல விலை போட்டவரு இவருதாம்மா" என்றார் சகலை. முகத்தில் எதுவும் தெரியவில்லை. குத்திக்காட்டுகிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

அவள் மரியாதையாகக் கை கூப்பினாள். "அப்படியா சார்? அந்தக் காலத்துல எந்த முறையில சார் போட்டீங்க?"

"ரெண்டு முறையில போட்டேம்மா" என்றேன்.

சகலை சட்டென்று என்னைப் பார்த்தார். ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளெல்லாம் குலுங்கியது. எனக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நாகரிகத்துக்கு எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

பந்தி முடிந்ததும் அவர்கள் காரில் கிளம்பினார்கள். கூட வாங்க, இறக்கிவிடுகிறேன் என்று அவர் கூப்பிட்டார். வேண்டாம் என்று நாங்கள் ஆட்டோ பிடித்தோம். கார் பெரியது, புதிது, என்ன விலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்துக்கு அப்படிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?" என்று ஆட்டோவில் என் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அந்த எரிச்சல் இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

"கம்மியாவாவது ஆச்சா?"

யோசித்துத்தான் சொன்னேன். "கொஞ்சம்."